லண்டன்ல இருந்து ஒரே ஒரு குட்டி நீராவி ரயில் பாக்கலாம்னா எந்த ரயிலுக்குப் போறது?

எங்க அக்கா பையன் இங்கிலாந்துல எம்எஸ்சி முடிச்சுட்டான், பட்டமளிப்பு விழாவுக்கு அக்காவும் மாமாவும் கிளம்பறாங்க, அந்தப் பத்து நாள்ல ஒரே ஒரு நாள் அவன் இஷ்டத்துக்கு விட்ருக்காங்க. உடனே எனக்குப் போன். "மாமா, ஒரே ஒரு மினியேச்சர் ஸ்டீம் ரயில்வே, எதுக்குப் போலாம், ஒரு பேர் சொல்லுங்க." ஒரு பேர் சொல்லிட்டு வச்சிருக்கலாம், ஆனா முக்கால் மணி நேரம் பேசிட்டு கடைசில "யோசிச்சு சொல்றேன்டா"ன்னு வச்சேன். இதே கேள்வியோட இன்னும் மூணு நாலு பேர் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல ஒன்னு தெளிவு பண்ணிக்கலாம். பூங்கால சுத்தற பொம்மை ரயில் வேற, நான் சொல்றது வேற. நம்ம பிராட் கேஜ் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர், ஊட்டி மலை ரயில் 1000, டார்ஜிலிங் 610. இந்த 15 இஞ்ச் ரயில்கள் வெறும் 381 மில்லிமீட்டர். ஆனா நிஜமான கரி, நிஜமான பாய்லர், டைம்டேபிள் போட்டு டிக்கெட் குடுத்து ஆளை ஏத்தி பத்து இருபது கிலோமீட்டர் ஓடுது. எஞ்சின் புகைபோக்கி நம்ம நெஞ்சு உயரத்துக்கு வரும், டிரைவர் உக்காந்தார்னா அவர் தலை கேபின் கூரைக்கு மேல தெரியும். பாக்க சிரிப்பு வரும், ஆனா கிளம்பறப்ப அடிக்கற அந்த சத்தத்துல சிரிப்பு நின்னுடும்.

எதை வச்சு முடிவு பண்றது

நிறைய பேர் "எது ரொம்ப நீளமான லைன், எது ரொம்ப அழகான வியூ"ன்னு கேட்டு ஆரம்பிக்கறாங்க. ரயில் பைத்தியம் பிடிச்ச ஆளுக்கு அது தப்பான கேள்வின்னு நான் நெனைக்கறேன், ஏன்னா வண்டிக்குள்ள உக்காந்துட்டா எஞ்சின் கண்ணுக்கே தெரியாது, முன்னாடி பொட்டியோட முதுகும் கொஞ்சம் புகையும்தான். நமக்கு வேண்டியது எஞ்சின் பக்கத்துல நிக்கற நேரம். அது தண்ணி குடிக்கறது, கரி போடறது, டர்ன்டேபிள்ல (எஞ்சினை நிறுத்தித் திருப்பற சுழல் மேடை) திரும்பறது, கிளம்பறதுக்கு முன்னாடி டிரைவர் எண்ணெய் விட்டுக்கிட்டே சுத்தி வர்றது, இதெல்லாம் எங்க எவ்வளவு நேரம் கிட்ட நின்னு பாக்க முடியும்? இதுதான் என் மொத கணக்கு.

ரெண்டாவது, கார் இல்லாம போய்ச் சேர முடியுமா. இது சின்ன விஷயமா தெரியும், பாதி பேரோட பிளான் இதுலதான் கவுந்திருக்கு. மூணாவது, நீங்க போற நாள்ல நீராவி எஞ்சின் ஓடுதா, இல்ல டீசலை மாட்டி விட்ருக்காங்களா. நாலாவது, கூட வர்ற வீட்டு ஆளுங்க. அவங்களுக்கு பிஸ்டனும் தெரியாது வால்வ் கியரும் தெரியாது, அவங்க மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா அடுத்த தடவ உங்களுக்கு பர்மிஷன் கிடைக்காது.

இந்த நாலையும் வச்சு நான் நாலு இடம் எடுத்துக்கிட்டேன். இங்கிலாந்துல இன்னும் எத்தனையோ இருக்கு, ஆனா லண்டன்ல தங்கியிருந்து ஒரு தடவ மட்டும் போறவங்களுக்கு இந்த நாலுக்குள்ளதான் சண்டை.

| | ரொம்னி, ஹைத் & டிம்சர்ச் | ரேவன்கிளாஸ் & எஸ்க்டேல் | பியூர் வேலி | கிரேட் காக்குரோ |
|---|---|---|---|---|
| எங்க | கென்ட் கடற்கரை | கம்ப்ரியா, வடமேற்கு மூலை | நார்ஃபக் | செர்ட்சி, லண்டனை ஒட்டி |
| கேஜ் | 15 இஞ்ச் | 15 இஞ்ச் | 15 இஞ்ச் | 7¼ இஞ்ச் |
| நீளம் | சுமார் 21.7 கிமீ | சுமார் 11 கிமீ | சுமார் 14.5 கிமீ | சுத்தி சுத்தி வர்ற லைன் |
| ஆரம்பம் | 1927 | 1875 (15 இஞ்சா மாறினது 1915) | 1990 | 1968 |
| லண்டன்ல இருந்து | ரயில் + பஸ், ஒரு நாள் | ஒரு ராத்திரி தங்கணும் | ரயில் மட்டுமே போதும், ஒரு நாள் | அரை நாள் |
| எஞ்சின் பக்கத்துல நிக்க | நல்லா இருக்கு | ரொம்ப நல்லா | நல்லா இருக்கு | ரொம்ப ரொம்ப நல்லா |
| ஆர்வம் இல்லாதவங்களுக்கு | பீச், கலங்கரை விளக்கம் | மலை நடை | படகு சவாரி | மத்தியானத்துக்கு ஓகே |
| மாட்டிக்கற இடம் | பஸ் | தூரம், மழை | பழைய சரித்திரம் கம்மி | சீசன்ல பெரும்பாலும் ஞாயித்துக்கிழமைதான் |

ரொம்னி, ஹைத் & டிம்சர்ச்: ரெண்டு பணக்கார ரேஸ் பைத்தியங்களோட கனவு

கேப்டன் ஹோவேன்னு ஒருத்தர், கவுன்ட் ஸ்போரோவ்ஸ்கின்னு ஒருத்தர், ரெண்டு பேரும் கார் ரேஸ் ஓட்டறவங்க, காசுக்குப் பஞ்சமே இல்ல. இந்த 15 இஞ்ச் கேஜ்ல நிஜ மெயின்லைன் மாதிரியே ஒரு ரயில்வே கட்டணும்னு ஆசை. ஹென்றி கிரீன்லிங்கற டிசைனர்கிட்ட சொல்லி ஸ்போரோவ்ஸ்கி ரெண்டு எஞ்சினுக்கு ஆர்டரும் குடுத்துட்டார். எஞ்சின் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே 1924ல இத்தாலில மோன்ஸா ரேஸ்ல விபத்துல செத்துப் போயிட்டார். லைனுக்கு இடமே அப்ப இன்னும் முடிவாகல. ஹோவே தனியா நின்னு இடம் தேடி, 1927ல ஹைத்ல இருந்து நியூ ரொம்னி வரைக்கும் ஓட விட்டு, அடுத்த வருஷம் டஞ்சனெஸ் வரைக்கும் நீட்டினார்.

இங்க போறதுக்கு பெரிய காரணம் எஞ்சின் வகைதான். கிரீன் காடஸ், நார்தர்ன் சீஃப், சதர்ன் மெய்ட்னு பிரிட்டிஷ் மெயின்லைன் அழகுல ஒரு கூட்டம், ஹெர்குலிஸ், சாம்சன்னு 4-8-2 சக்கர அமைப்புல ரெண்டு முரடன்கள், கனடா ஸ்டைல்ல 1931ல செஞ்ச வின்ஸ்டன் சர்ச்சிலும் டாக்டர் சின்னும், அப்புறம் ஜெர்மனில க்ரூப் (Krupp) கம்பெனி 1937ல செஞ்சு 1976ல இங்க வந்து சேந்த பிளாக் பிரின்ஸ். இதுல பொடியன் ஒருத்தன் இருக்கான், பேரு தி பக், லைன் கட்டறப்ப மண்ணு சுமக்க வாங்கினது, அப்புறம் வித்துட்டாங்க, அது கை மாறி கை மாறி பெல்ஃபாஸ்ட்ல பழைய இரும்புக் குவியல்ல கிடந்ததை 1970கள்ல தேடிப் பிடிச்சு கொண்டு வந்து மறுபடி ஓட வச்சாங்க. நாள் முழுக்க ஒரு இடத்துல நின்னா ஒவ்வொரு வண்டிக்கும் வேற வேற மூஞ்சி வரும்.

இன்னொன்னு, வேகம். நிலம் தட்டை, சதுப்பு நிலத்தை ஒட்டின இடம், ஹைத்ல இருந்து நியூ ரொம்னி வரைக்கும் ரெட்டைத் தண்டவாளம், எதிர்ல ஒரு வண்டி வந்து உரசற மாதிரி தாண்டிப் போகும். மணிக்கு 40 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், ஆனா தரையை ஒட்டி உக்காந்திருக்கறதால நூறுல போற மாதிரி இருக்கும். வழி நெடுக வீடுகளோட கொல்லைப்புறம், துணி காயப்போட்ட கொடி, நாய், தோட்டத்துல நிக்கற தாத்தா, எல்லாரும் கை ஆட்டறாங்க. கடைசில டஞ்சனெஸ், ஒரே கூழாங்கல்லு, மரம் கிடையாது, மூடிப்போன அணுமின் நிலையம், 1904ல திறந்த பழைய கலங்கரை விளக்கம். உலகத்தோட கடைசி ஸ்டாப் மாதிரி இருக்கும். வண்டி ஒரு பெரிய வளையத்துல சுத்தி அப்படியே திரும்பி வந்துடும், அதனால இங்க எஞ்சின் திரும்பறதைப் பாக்க முடியாது. டர்ன்டேபிள் பாக்கணும்னா ஹைத்ல நில்லுங்க.

ரெண்டாம் உலகப் போர்ல ராணுவம் இந்த லைனை எடுத்துக்கிட்டு, ஹெர்குலிஸ்க்கு இரும்புத் தகடு போத்தி கவச ரயிலா ஓட்டினாங்க. போர் முடிஞ்சு 1947ல டஞ்சனெஸ் பகுதியைத் திறந்து வச்சது சினிமா காமெடி ஜோடி லாரலும் ஹார்டியும். அந்த குண்டன் அந்த குட்டி வண்டிக்குள்ள எப்படி நுழைஞ்சார்னு நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

மாட்டிக்கற இடம் பஸ். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷன்ல இருந்து ஹை ஸ்பீட் ரயில்ல ஃபோக்ஸ்டன் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம்தான், அங்க இருந்து ஹைத்துக்கு பஸ்ஸு. வழில டிராஃபிக்னா மொத வண்டி போயிடும். ஹைத்ல இருந்து டஞ்சனெஸ் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், திரும்ப அதே நேரம், நடுவுல நியூ ரொம்னில இறங்கி ஷெட் பக்கம் எட்டிப் பாத்து அங்க இருக்கற மாடல் ரயில் கண்காட்சியும் பாத்தா பொழுது சாஞ்சுடும். அதனால காலைல முதல் ஆளா போங்க, இல்லன்னா டஞ்சனெஸை விட்டுட்டு நியூ ரொம்னி வரைக்கும் மட்டும் போய்ட்டு மீதி நேரத்தை பிளாட்ஃபாரத்துல செலவு பண்ணுங்க. நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன், வீட்டு ஆளுங்க கூட வந்தா மட்டும் டஞ்சனெஸ் போயே ஆகணும்.

ரேவன்கிளாஸ் & எஸ்க்டேல்: ரெண்டு நாள் இருந்தா வேற யோசனையே வேண்டாம்

இதை அந்த ஊர்க்காரங்க செல்லமா "லால் ராட்டி"ன்னு கூப்பிடறாங்க. 1875ல இரும்புத்தாது சுமக்க 3 அடி கேஜ்ல போட்ட லைன், கட்டுப்படியாகாம 1913ல மூடிட்டாங்க. 1915ல மாடல் ரயில் செய்யற பேசட்-லோக் ஆளுங்க வந்து அதே பாதைல 15 இஞ்ச் தண்டவாளம் போட்டு புது உயிர் குடுத்தாங்க. 1960ல மறுபடி ஏலத்துக்கு வந்துடுச்சு, ரயில் ஆர்வலர்கள் ஒரு சங்கமா சேந்து, பணம் உள்ள ரெண்டு மூணு பேர் கை குடுத்து, காப்பாத்தினாங்க. ரெண்டு தடவ செத்துப் பொழச்ச ரயில்.

எஞ்சின் பேரெல்லாம் ஆத்துப் பேரு. ரிவர் இர்ட், ரிவர் மைட், ரிவர் எஸ்க், ரேவன்கிளாஸ்ல இந்த மூணு ஆறும்தான் கடல்ல கலக்குது. ரிவர் இர்ட் இருக்கே, அதோட அடிப்படை 1894ல சர் ஆர்தர் ஹேவுட் செஞ்ச எஞ்சின், அப்ப பேரு முரியல், பின்னாடி பாய்லர் மாத்தி டெண்டர் (கரியும் தண்ணியும் வைக்கற வண்டி) சேத்து ஆளே மாறிட்டான். இன்னமும் வேலை செய்யறான். ஊட்டி மலை ரயில் மேட்டுப்பாளையத்துல இருந்து கிளம்பினதே 1899லதான், அதுக்கு அஞ்சு வருஷம் மூத்தவன் இவன், யோசிச்சுப் பாருங்க.

ரொம்னியும் இதுவும் எங்க வித்தியாசப்படுதுன்னா, அது ஓடற ரயில், இது மேடு ஏறற ரயில். ரேவன்கிளாஸ் கடல் மட்டத்துல இருக்கு, அங்க இருந்து டேல்கார்த் வரைக்கும் சுமார் 40 நிமிஷம், பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்சு காட்டுல வளைஞ்சு வளைஞ்சு மேல போகும். மேட்டுல எஞ்சின் மூச்சு வாங்கற சத்தம் ஒவ்வொரு அடியும் தனித்தனியா காதுல விழும். குன்னூர் ஏத்தத்துல பல்சக்கரத்தோட எக்ஸ் கிளாஸ் எஞ்சின் உறுமறதைக் கேட்டு வளந்தவங்களுக்கு இந்த சத்தம்தான் பிடிக்கும், ரொம்னியோட தாளம் கொஞ்சம் சப்புன்னு இருக்கும்.

எஞ்சின் கிட்ட நிக்கற விஷயத்துல இது தங்கம். ரெண்டு முனைலயும் டர்ன்டேபிள். டேல்கார்த்ல வண்டி வந்து நின்னதும் எஞ்சினைக் கழட்டி, டர்ன்டேபிள் மேல ஏத்தி, ஆள் கையாலயே தள்ளித் திருப்பறாங்க, நாம வேலி ஓரம் நின்னு பாக்கலாம். நான் போனப்ப டிரைவரம்மா ஒருத்தங்க, ஐம்பது வயசு இருக்கும், ஒரே ஆளு, ஓட்டறதும் அவங்கதான் கரி போடறதும் அவங்கதான் (நம்ம பிராட் கேஜ் எஞ்சின்ல டிரைவரும் ரெண்டு ஃபயர்மேனும் வேர்வை ஒழுக நின்ன வேலை). கைல இருந்த கரண்டி நம்ம வீட்டு அடுப்புச் சாம்பல் அள்ற கரண்டி சைஸுதான். கதவைத் தொறந்து ரெண்டு கரண்டி, மூடி, கிளாஸ் டியூப்ல தண்ணி மட்டத்தைப் பாத்து, இன்ஜெக்டர் வால்வைத் திருகினாங்க. கேபினுக்குக் கீழ இருக்கற சின்ன குழாய்ல இருந்து மொதல்ல தண்ணி சளசளன்னு கீழ ஊத்துச்சு, அவங்க ஒரு கையால இன்னொரு வால்வைக் கொஞ்சமா, நூல் அளவு, திருகினாங்க, சளசளப்பு சட்டுன்னு நின்னு "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம் வந்துச்சு பாருங்க, தண்ணி பாய்லருக்குள்ள ஏற ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். பெரிய எஞ்சின்ல இதெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல நடக்கும், சத்தம் மட்டும்தான் கேக்கும். இங்க குனிஞ்சா கண் எதிர்ல. இதுக்குத்தான் நான் மினியேச்சர் ரயிலுக்கு அலையறதே.

சரி, கெட்ட செய்தி. லண்டன்ல இருந்து போக அஞ்சு மணி நேரமாவது ஆகும், வண்டி மாறி மாறிப் போகணும், கடைசில கம்ப்ரியா கடற்கரை ஓரமா ஊந்து போற லோக்கல் ரயில். அந்த ரயில் அழகு, ரேவன்கிளாஸ்ல மெயின்லைன் ஸ்டேஷன்ல இறங்கினா குட்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, பஸ் தேட வேண்டாம், எல்லாம் சரி. ஆனா போய்ட்டு ஒரே நாள்ல வர்றது நடக்காத காரியம். ரூம் போடணும், நாலு பேர்னா ரூம் செலவு ரயில் டிக்கெட்டைத் தாண்டிடும். அப்புறம் மழை. இங்கிலாந்துலயே அதிகமா மழை பேயற மலைப்பகுதி இதுதான், நம்ம வால்பாறை மாதிரி வச்சுக்கோங்க, திறந்த பொட்டில உக்காந்தா தொப்பல்தான். மூடின பொட்டியும் இருக்கு, ஆனா மழை நாள்ல எல்லாரும் அதுலதான் முட்டுவாங்க.

பியூர் வேலி: வயசுல சின்னவன், ஆனா நம்ம ஆளு

இதைப் பத்தி ரயில் ஆளுங்க கொஞ்சம் மூஞ்சி சுளிப்பாங்க. 1990லதான் ஆரம்பிச்சது, பெரிய ரயில் ஓடி மூடின பாதைல குட்டித் தண்டவாளம் போட்டது, ரேஸ் ஓட்டின பிரபுவும் கிடையாது போர்க்காலக் கதையும் கிடையாது. உண்மைதான். ஆனா இங்க ப்ளிக்லிங் ஹால், ஸ்பிட்ஃபயர்னு ரெண்டு எஞ்சின் இருக்கு, ரெண்டும் எதைப் பாத்து செஞ்சது தெரியுமா? இந்தியன் ரயில்வேயோட இசட்பி கிளாஸ். நம்ம ஊர் 2 அடி 6 இஞ்ச் நேரோ கேஜ்ல ஓடின அதே 2-6-2 சக்கர அமைப்பு. நம்ம ஊர்ல நேரோ கேஜையே ஒவ்வொன்னா மூடிட்டு இருக்கோம், அந்த எஞ்சினோட சாயலைப் பாக்க நார்ஃபக் வரைக்கும் போக வேண்டியிருக்கு. நான் அந்த எஞ்சின் முன்னாடி நின்னப்ப கொஞ்சம் தொண்டை அடைச்சுதுன்னு சொன்னா என் வீட்டுக்காரம்மா இன்னும் கிண்டல் பண்றா.

வழி விஷயத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல இருந்து நாரிச்சுக்கு ரெண்டு மணி நேரம் பக்கம் (எழுத்துல நார்விச்னுதான் இருக்கும், அங்க நாரிச்னு சொல்லுவாங்க, நீங்க எப்படிச் சொன்னாலும் டிக்கெட் குடுத்துடுவாங்க), அங்க இருந்து லோக்கல் ரயில்ல கால் மணி நேரத்துல ஹோவ்டன் & ராக்ஸம், ஸ்டேஷனை ஒட்டி நடைமேம்பாலம், அந்தப் பக்கம் இறங்கினா குட்டி ரயில். பஸ் கிடையாது டாக்சி கிடையாது. எய்ல்ஷம் வரைக்கும் முக்கால் மணி நேரம், வழில ஒரு நிஜ சுரங்கமும் வரும், மெயின் ரோட்டுக்குக் கீழ நுழையும்.

போட்டோ எடுக்கறவங்களுக்கு இன்னொரு லாபம். லைன் முழுக்க பக்கத்துலயே நடைபாதை போகுது, சைக்கிளும் போகலாம். ஒரு வண்டில ஏறி நடு ஸ்டேஷன்ல, பக்ஸ்டன்லயோ கோல்டிஷல்லயோ, இறங்கி பாதை ஓரமாவே நடந்து வாங்க, அடுத்தடுத்த வண்டி உங்களைத் தாண்டிப் போகும், எங்க வெளிச்சம் நல்லா இருக்கோ அங்க நில்லுங்க. மத்த லைன்ல இப்படி நிக்க இடம் தேடி அலையணும், இங்க பாதையே லைனை ஒட்டிக்கிட்டு வருது.

வீட்டு ஆளுங்களை ராக்ஸம்ல படகுல ஏத்தி விட்டுடலாம், நார்ஃபக் பிராட்ஸ்னு ஏரியும் கால்வாயுமா இருக்கற இடம், ரயிலும் படகும் சேத்து ஒரே டிக்கெட்டும் குடுக்கறாங்க. குறைன்னு சொன்னா, நிலம் மென்மையா ஏறி இறங்கறது, வயலும் மாடும்தான், மலையும் கடலும் எதிர்பாத்துப் போனீங்கன்னா கொட்டாவி வரும்.

கிரேட் காக்குரோ: ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மா இருக்கீங்களா?

இது 15 இஞ்ச் இல்ல, 7¼ இஞ்ச், அதாவது 184 மில்லிமீட்டர். லண்டனை ஒட்டின செர்ட்சில, மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓடும். ஊர் விட்டு ஊர் போற ரயில் கிடையாது, ஒரே இடத்துல வளைஞ்சு வளைஞ்சு சுத்தி வரும். அப்ப எதுக்கு இந்த லிஸ்ட்ல சேத்தேன்? சிக்னலுக்கு. நிஜ சிக்னல் கேபின், நிஜ லீவர், கை தூக்கி இறக்கற செமஃபோர் சிக்னல், ஒரு கேபின்ல இருந்து அடுத்த கேபினுக்கு வண்டியைக் குடுத்து வாங்கற பிளாக் முறை, எல்லாத்தையும் ஆர்வலர்களே நடத்தறாங்க. நம்ம ஊர்ல ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல அந்த நீல் பால் டோக்கன் கருவி (லைன் காலியா இருந்தா வண்டிக்கு அனுமதி குடுக்கற கருவி) "டிங்"குன்னு அடிக்கறதைக் கேட்டு வளந்த ரயில்வே காலனிப் பிள்ளைங்களுக்கு இந்த இடம் போதும், எஞ்சினையே மறந்துடுவாங்க.

ஆளுங்க பேசுவாங்க. பெரிய லைன்ல டிரைவருக்கு அடுத்த வண்டி எடுக்கற அவசரம். இந்த மாதிரி இடத்துல ஒரு கேள்வி கேட்டா அரை மணி நேரம் விளக்கம். எஞ்சினை வீட்டுப் பட்டறைல பத்து வருஷம் உக்காந்து செஞ்சவங்க கூட இந்த உலகத்துல நிறைய பேர், அவங்ககிட்ட "இந்த கனெக்டிங் ராட் நீங்களே செஞ்சதா"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவு ரயில்ல பெரும்பாலும் குதிரை மேல உக்கார்ற மாதிரி ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காரணும். சேலை, வேட்டி ரெண்டும் சிரமம். சுடிதார், பேன்ட் போட்டுட்டு வரச் சொல்லிடுங்க, அங்க போய் முழிக்க வேண்டாம்.

டிக்கெட்ல எழுதாத செலவு

நாலுக்கும் டிக்கெட் விலை பாத்து முடிவு பண்ணாதீங்க, பெரிய செலவு அங்க போய்ச் சேர்றதுதான். நாரிச், கம்ப்ரியா ரெண்டுக்கும் ரயில் டிக்கெட்டை முன்னாடியே எடுத்தா ஒரு விலை, அன்னிக்குக் காலைல கவுன்டர்ல போய் நின்னா வேற விலை, மனசு வலிக்கும். ஞாயித்துக்கிழமைல மெயின்லைன்ல பராமரிப்பு வேலைன்னு சொல்லி ரயிலுக்குப் பதிலா பஸ் விடறது அங்க சகஜம், ரெண்டு மணி நேரப் பயணம் நாலு மணி நேரம் ஆயிடும், கிளம்பறதுக்கு முந்தின நாள் ஒரு தடவ பாத்துக்கோங்க.

டீசல் விஷயம். ஒரு தடவ, எந்த லைன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு பஸ் மாறி மழைல நனைஞ்சு போய்ச் சேந்தேன், பிளாட்ஃபாரத்துல ஒரு டீசல் எஞ்சின் குறட்டை விட்டுக்கிட்டு நிக்குது. டைம்டேபிள்ல அந்த வண்டிக்குப் பக்கத்துல பொடி எழுத்துல போட்டிருந்தாங்களாம், என் கண்ணாடில அது தெரியல. தப்பு என்னோடதுதான், ஆனா அந்தப் பயணத்துல நான் யார்கிட்டயும் பேசல. கூட்டம் கம்மியான நாள்ல, சாயங்கால வண்டிக்கு, இல்ல வெயில் காலத்துல பொறி பறந்து புல்லு பத்திக்கும்னு பயந்தா டீசல் மாட்டுவாங்க. எந்த எஞ்சின்னு உறுதியா தெரியணும்னா முந்தின நாள் போன் போட்டுக் கேளுங்க, ஆர்வலர்னு சொன்னா சந்தோஷமா சொல்லுவாங்க.

வருஷத்துல ஒன்னு ரெண்டு தடவ ஸ்டீம் காலான்னு வைப்பாங்க, இருக்கற எஞ்சினையெல்லாம் கிளப்பி வெளிய விட்டு, வேற லைன்ல இருந்து விருந்தாளி எஞ்சினும் வரும். தேதி ஒத்து வந்தா விடாதீங்க, ஆனா அன்னிக்கு வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, கேமரா தோள்ல இடிக்காம நிக்க முடியாது. நாமளே ஓட்டிப் பாக்கற பயிற்சியும் நடத்தறாங்க, அது ரயில் டிக்கெட் விலைல கிடைக்கிற விஷயம் இல்ல, தனியா நாள் ஒதுக்கி ரொம்ப முன்னாடியே புக் பண்ணணும். காசு இருந்தா நாலு லைன் சுத்தறதை விட ஒரு லைன்ல அதைப் பண்ணலாம்னு சொல்லுவேன்.

அப்புறம் உடம்பு. 15 இஞ்ச் பொட்டிக்குள்ள ஏறறது ஆட்டோல குனிஞ்சு ஏறறதை விட கஷ்டம், ஏறினா முக்காலில உக்காந்த மாதிரி முட்டி மேல வந்துடும். உயரமானவங்க எதிர்ல ஆள் இல்லாத சீட்டாப் பிடிங்க. எஞ்சினுக்கு அடுத்த பொட்டில சத்தம் நல்லா கேக்கும், கரித்தூளும் நல்லா விழும், வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போகாதீங்க.

அப்ப யாருக்கு எது

ஒத்தை ஆளா, ஒரே நாள், வித விதமான எஞ்சின் பாக்கணும்னா ரொம்னி, காலைல சீக்கிரம் எழுந்திரிக்கறவங்களா இருந்தா மட்டும். ரெண்டு நாள் இருக்கு, மழையைப் பத்திக் கவலை இல்லன்னா ரேவன்கிளாஸ், நாலுல என் மனசு அங்கதான் இருக்கு. குடும்பத்தோட, கார் இல்லாம, அலைச்சல் இல்லாமன்னா பியூர் வேலி, அதுலயும் போட்டோ எடுக்கறவங்கன்னா கண்ணை மூடிட்டு அதுதான். நாள் ஒதுக்க முடியல, லண்டன்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும் காலியா இருக்குன்னா காக்குரோ. குளிர் காலத்துல போறீங்கன்னா பெரும்பாலான நாள்ல எல்லாம் மூடித்தான் இருக்கும், நாள் பாத்து டிக்கெட் போடுங்க.

யோசிச்சதுக்கப்புறம் அக்கா பையன் கேஸ்ல நான் பியூர் வேலின்னு சொன்னேன். அவனுக்கு ரொம்னி மேல கண்ணு, "மாமா, ஒரு தடவதான் போறேன், ஒரிஜினலைப் பாக்க வேண்டாமா"ன்னு இழுத்தான். டேய், உங்கம்மாவுக்கு முட்டி வலி, ஃபோக்ஸ்டன்ல பஸ்ஸுக்கு நிக்க வச்சு அதுக்கப்புறம் போக வர ரெண்டு மணி நேரம் முட்டியை மடக்கி உக்கார வச்சீன்னா உனக்கு அடுத்த பட்டமளிப்பு விழாவே கிடையாது, நீ அங்கதான இருக்கப் போற, ரொம்னிக்கு ஒரு சனிக்கிழமை தனியா போய்ட்டு வாடான்னேன். இசட்பி கதையைச் சொன்னதும் அமைதியாயிட்டான். அப்புறம் அக்கா போனை வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு, அந்த ரயில்ல பாத்ரூம் இருக்கான்னு. ரயில்ல கிடையாதுக்கா, ஸ்டேஷன்லயே போயிட்டு ஏறிடு.